பதினொரு நிமிட லைவ்

"செப்டம்பர் 7: ஆராதனை முடிந்ததும் லைவை நிறுத்த மறந்துவிட்டேன். பதினொரு நிமிடம்."

சர்ச் ஆராதனையை இணையத்தில் லைவ் போடும் பிளசி டைரியில் எழுதினாள். அந்த நேரத்தில்தான் ரூபா, கணவன் தன்னை அடிப்பதைப் பாஸ்டரிடம் அழுதுகொண்டே சொன்னாள்.

போன் அடித்தது. லிட்டில் அந்தமான் தீவின் ஹட் பேயிலிருந்து ரூபாவின் மாமியார்.

"லைவ் போடுற பொண்ணு நீதானே? ரூபா அழுததை முழுசாப் பார்த்தேன்."

"ஆன்ட்டி, அக்காவைத் திட்டாதீங்க. தப்பு என்னோடது. அப்பவே டெலிட் பண்ணிட்டேன்."

"அரே, ஏன் பண்ணுன? என் மகன் மேல போலீஸ்ல குடுக்க அது ஒண்ணுதானே சாட்சி! ரூபாவும் சரின்னுட்டா. காலைக் கப்பல்ல வர்றேன்."

பிளசி மறுபடியும் டைரியைத் திறந்து எழுதினாள்:

"நாளை மாலை வகுப்புக்கு லீவு. ரூபா அக்காவோடு போலீஸ் ஸ்டேஷன் போய், கேட்டதை நானே சொல்ல வேண்டும்."