ஏழு சதவீதம்

எல்லாப் புரோகிராமையும் மூடிப் பார்த்தாள் தேவகி. கம்ப்யூட்டர் மசியவில்லை. சிஸ்டம் ரிசோர்ஸ் ஏழு சதவீதம்தான் மிச்சம் என்றது.

"ஆயுத பூஜையில டிராக்டருக்குச் சேவல் அறுத்தோம். இதுக்கு எலுமிச்சம்பழத்தோட வுட்டா எப்டிம்மா ஓடும்?" என்றார் மாமனார் கன்னியப்பன். சேவலை அறுத்து மானிட்டரைச் சுற்றினார். எண் நாற்பதுக்கு ஏறியது.

மறுவாரம் மீண்டும் ஏழு. கிடா வெட்டினார், எழுபது.

அடுத்த முறை ஏழு வந்தபோது தேவகி கணவன் தரணியிடம் மட்டும் சொன்னாள். "உங்க நைனாகிட்ட சொல்லிடாதீங்க."

தரணி சிரித்துக்கொண்டே கிணற்றுப் பக்கம் போனான்.

அவள் எதையும் தொடவில்லை. எண் தானாகத் தொண்ணூற்றெட்டுக்கு ஏறியது.

கிணற்றடியில் தனியாக நின்று கத்தியைக் கழுவிக்கொண்டே மாமனார் குரல் கொடுத்தார். "இப்ப எவ்ளோ காட்டுதும்மா?"