உப்புத்தாளில் நீலம்

உப்புத்தாளைத் திருப்பிப் பார்த்தவளுக்குத் திக்கென்றது. வெள்ளைத் தூளுக்கு நடுவே நீலம்.

அந்தப் பலகையில் அவள் நீலத்தைத் தொடவே இல்லை.

கோணித்துணி, பழைய செய்தித்தாள், தேநீரில் ஊறவைத்த காகிதம், நூல் என்று கிடைத்ததையெல்லாம் பலகையில் ஒட்டுவாள். மேலே சாயம் பூசுவாள். காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து அடியில் இருப்பதை வெளியே கொண்டுவருவாள். ஓவியர்கள் சிலர் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்த அந்த மாடிப் பட்டறையில் அவளுக்குப் பெயரே கந்தலக்கா.

மாலை கண்காட்சி. படங்களை ஏற்றிப்போக வண்டி வந்துவிடும். ஓரத்தில் இன்னும் கொஞ்சம் தேய்ப்போம் என்று உட்கார்ந்தாள். கை சும்மா இருந்தால்தானே!

இந்த நீலம் யாருடையது என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். சொட்டுக் கறுப்பு கலந்த நீலம். அப்படிக் கலக்கிற மனிதர் ஒருவர்தான் இருந்தார். அவளுக்கு வலப்பக்கத்து மேசைக்காரர். பட்டறைக்கே அண்ணன். அவளுக்கும் அண்ணன்தான்.

அவர் இறந்த பிறகு அண்ணி அவருடைய தூரிகை, சாயம், பலகை எல்லாவற்றையும் கொண்டுவந்து இங்கே இறக்கினார். வேண்டியவர்கள் வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னார். இவள் எடுத்தது இந்தப் பலகை. ஏற்கெனவே வெள்ளை பூசியிருந்ததால் பாதி வேலை மிச்சம். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி தாறுமாறான பூச்சுதான். பாவம், நோயில் அண்ணனுக்குக் கை நடுங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

இறக்கிய சாமான்களில் இல்லாமல் காணாமல் போனது அவருடைய கடைசி ஓவியம். யாருக்கும் காட்டாமல் வரைந்துகொண்டிருந்தார். அதற்காகக் கண்காட்சியில் ஒரு சுவரையே காலியாக விட்டிருந்தார்கள். வீட்டில் இல்லை என்று அண்ணி சொல்லிவிட்டார். பட்டறைச் சாவியோ அண்ணனிடமும் இவளிடமும் மட்டும்தான் இருந்தது.

"கந்தலக்கா கண்ணுல பட்டிருந்தா இந்நேரம் அதைக் கிழிச்சு எதுலயாவது ஒட்டியிருப்பாங்க!"

கம்பியில் சிற்பம் செய்கிறவன் ஒருநாள் விளையாட்டாகத்தான் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு யாரும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இப்போது அது கிடைத்துவிட்டது. அவளுடைய பலகையில், அவள் ஒட்டிய கந்தலுக்கு அடியில்.

யார் நம்புவார்கள்? வேறொருத்தி வந்து இப்படிச் சொல்லியிருந்தால் இவளே நம்பியிருக்க மாட்டாள். திருடி என்று வாய்விட்டுச் சொல்லாத குறைதான். இனி அதையும் சொல்லிவிடுவார்கள்.

மூடிவிடலாம். மேலே ஒரு துண்டுத் துணியை ஒட்டினால் போதும், ஈ காக்கைக்குத் தெரியாது. பசை டப்பாவைத் திறந்தும் விட்டாள்.

மனசு கேட்கவில்லை. அந்த மனிதர் கடைசியாக வரைந்தது. ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தாள்.

மேலே ஒட்டிய கந்தலோடு சேர்ந்து வெள்ளை பொருக்குப் பொருக்காக உரிந்து வந்தது. அவளுக்கு ஆச்சரியம். அடியைச் சுரண்டிச் சொரசொரப்பாக்காமல் அண்ணன் ஒரு நாளும் எதன்மேலும் பூச மாட்டாரே!

முதலில் தெரிந்தது அள்ளி முடிந்த கொண்டை. அதில் செருகிய பென்சில். பிறகு கழுத்து. இன்னும் கொஞ்சம் துடைத்தாள். ஒரு காது.

கீழ்மடல் கிழிந்து, தையல் போட்ட வலது காது.

தன் வலது காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். சின்ன வயதில் கம்மல் எதிலோ மாட்டி இழுத்துக் கிழிந்த காது. வெளியே போனால் முடியை இறக்கிவிட்டு மறைத்துக்கொள்வாள். வேலை செய்யும்போது மட்டும்தான் அள்ளி முடிந்து, கைக்குக் கிடைத்த பென்சிலைச் செருகுவாள். அப்போது அது வலப்பக்கத்து மேசைக்குத் தெரிந்திருக்கும்.

அட மனுஷா! வாய் நிறைய அண்ணா என்றுதானே கூப்பிட்டேன்!

கோபம் வந்தது. கூடவே அழுகையும் வந்தது. அவள் வாழ்நாளெல்லாம் மறைத்த அந்தத் தையலை அவர் அவ்வளவு பொறுமையாக, ஒவ்வொரு முடிச்சாக வரைந்திருந்தார்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

அண்ணி. காலிச் சுவரில் மாட்டுவதற்கு அண்ணனின் புகைப்படத்தைச் சட்டம் போட்டு எடுத்து வந்திருந்தார். பலகையைத் திருப்பி வைக்கக்கூட இவளுக்கு நேரமில்லை.

"அண்ணி, சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது..."

எதற்குச் சத்தியம் செய்கிறோம் என்றே அவளுக்கு விளங்கவில்லை. படத்தைத் திருடவில்லை என்றா? மற்றதற்கா?

அண்ணி பலகையில் இருந்த காதைப் பார்த்தார். பிறகு இவள் காதைப் பார்த்தார். அந்த முகத்தில் திகைப்பே இல்லை.

கீழே வண்டியின் ஹாரன் அடித்தது. கம்பிக்காரன் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு படியேறி வருவது கேட்டது.

அண்ணி புகைப்படத்தை மேசைமேல் வைத்தார். வெள்ளை டப்பாவின் மூடியை நெம்பித் திறந்து, கிடைத்த தூரிகையை முக்கி எடுத்து இவள் கையில் கொடுத்தார்.

"சீக்கிரம் இன்னொரு கோட் அடிச்சிடும்மா. நான் அடிச்சது பத்தல."