மூஸா பாய் போட்ட ஷரத்து

"எழுதிக் கையெழுத்துப் போட்டாத்தான் பைப்பு. இல்லன்னா கிடையாது."

சொல்லிட்டு மூஸா பாய் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பிச்சுட்டார்.

மருதையனுக்கு மூஞ்சி தொங்கிப்போச்சு.

அவன் புதுசா வாங்கின மூணு மா நிலம் வாய்க்கால் கடைசியில கெடக்கு. தண்ணி எட்டாது. அங்கயே போர் போட்டா உப்பு. நல்ல தண்ணி அவன் வீட்டுக் கொல்லையிலதான். அங்கேருந்து மண்ணுக்கடியில பைப்பு போட்டுக் கொண்டுபோகணும். நேரா போனா நடுவுல ரெண்டு வயலு. முதல்ல இனியவன் வயலு, அப்புறம் மூஸா பாய் வயலு.

நாத்துக்கு இருபது நாள் ஆச்சு. இன்னும் பத்து நாள் தாண்டினா மாட்டுக்குத்தான் அறுத்துப் போடணும்.

"நமக்குள்ள எதுக்கு பாய் பேப்பரு? இனியவன் அண்ணன் கேட்ட உடனே 'தோண்டிக்கடா'ன்னுட்டாரு."

"அது அவரு. நான் சொல்றதைக் கேளுங்க தம்பி. எந்தப் பக்கமா போகுதுன்னு சர்வேயரை வச்சு அளந்து படம் போடணும். மூணடி ஆழம் இருக்கணும். நான் சேறடிக்கிறதுக்கு முன்னாடி தோண்டி மூடிடணும். அப்புறம் மன்னார்குடி பத்திர ஆபீஸ்ல பதியணும். இதான் ஷரத்து."

"பதியணுமா! ஒரு பைப்புக்கா?"

"ஒரு பைப்புக்குத்தான்."

டீக்கடைக்கு விஷயம் வந்ததும் இனியவனுக்குக் கொண்டாட்டம். பக்கத்துல இருந்தவர் கண்ணாடியைப் புடுங்கி மூக்கு நுனியில மாட்டிக்கிட்டான். அப்படியே மூஸா பாய் குரலு.

"'தம்பீ... டீ குடிக்கிறீங்களா? சர்வேயரை வரச் சொல்லுங்க. எத்தனை மடக்குன்னு படம் போட்டுட்டுக் குடிங்க!'"

கடையே குலுங்கிச்சு.

"குவைத்துல பதினெட்டு வருஷம் பைப்பு கம்பெனியில ஃபைல் பாத்த மனுஷன். வீட்டுல ரெண்டாவது தோசை வேணும்னாக்கூட மெஹராஜ் அக்காகிட்ட மனு எழுதிக் கொடுத்துட்டுத்தான் தட்டை நீட்டுவாரு!"

மருதையனுக்கும் சிரிப்பு வந்துடுச்சு.

இனியவன் கண்ணாடியைக் கழட்டிட்டு அவன் தோள்ல கை போட்டான். "இந்தா பாரு, உங்கப்பா எங்க வயல்ல நாத்து நட்டவருடா. உன்கிட்ட போயி பேப்பர் கேப்பனா? எனக்கெல்லாம் ஒரே வார்த்தை."

"மனசுன்னா இது மனசு"ன்னு நாலு பேரு சொன்னாங்க. டீக்கு இனியவனே காசு கொடுத்தான்.

வீட்டுல மருதையன் பொண்டாட்டி செவ்வந்திக்குத்தான் ஆறல.

"நம்மள நம்பாதவரு வயல் வழியா தண்ணி வந்து என்னா வெளையப்போவுது? என்னாத்தை எடுத்துக்கிட்டு ஓடப்போறோம் நாம? பைப்பைச் சுருட்டிக்கிட்டா?"

"போயி நாத்தைப் பாத்துட்டு வந்து பேசு. ரோஷத்தையா நடப்போறோம்?"

படம் போட்டாச்சு. நாளும் குறிச்சாச்சு. சாட்சிக் கையெழுத்துக்கு இனியவனே வண்டியை எடுத்துக்கிட்டு வந்தான். "பாயோட கூத்தை நேர்ல பாக்கணும்டா."

பத்திரம் எழுதுற குந்தவை கம்ப்யூட்டரைப் பாத்துப் படிச்சாங்க. பாதி ஒருத்தருக்கும் புரியல. ஒரு வரி மட்டும் பளிச்சுன்னு காதுல விழுந்துச்சு.

"மேற்படி குழாயை எனக்கோ, என் வாரிசுகளுக்கோ, என்னிடம் கிரயம் வாங்குவோருக்கோ எக்காலத்திலும் அடைக்கவோ, எடுக்கவோ, தண்ணீரைத் தடுக்கவோ பாத்தியதை கிடையாது."

"அதை இன்னொரு தடவை படிங்கம்மா"ன்னான் மருதையன்.

படிச்சாங்க.

அவன் மூஸா பாயைப் பாத்தான். "பாய்... இது பூரா எனக்குத்தானே சாதகமா இருக்கு?"

"பின்ன? பசங்க ரெண்டும் வெளிநாட்டுல. எனக்கப்புறம் வித்துடுவானுங்க. வாங்குறவன்கிட்ட நீங்க போயி 'பாய் வாயால சொன்னாரு'ன்னா சிரிக்கமாட்டான்? எழுதினது இருந்தா உங்க பேரனுக்கும் தண்ணி வரும்."

மருதையன் துண்டை எடுத்து மூஞ்சியைத் துடைச்சான். ஏசி ரூம்ல என்ன வேர்வையோ.

குந்தவை இன்னொரு தாளை இனியவன் பக்கம் நகத்தினாங்க. "உங்க வயலுக்கும் இதே மாதிரி அடிச்சு வச்சிருக்கேன் சார். பாய் சொன்னாரு. இங்க ஒரு கையெழுத்து."

இனியவன் பேனாவை வாங்கினான். செவுத்துல இருந்த காலண்டரைப் பாத்தான்.

"இன்னிக்கு அஷ்டமியாச்சே."

"ஒரு கையெழுத்துதானேண்ணே, அஷ்டமியெல்லாம் ஒண்ணும் பண்ணாது"ன்னான் மருதையன்.

"இல்லடா... எங்கம்மாவை ஒரு வார்த்தை கேக்கணும்."

"பட்டா உங்க பேருல மட்டும்தான் சார் இருக்கு"ன்னாங்க குந்தவை.

"அது சரி. காலையிலேருந்து கையில ஒரு சுளுக்கு..."

பேனா மேஜைக்கே வந்துடுச்சு.

மூஸா பாய் கோபமெல்லாம் படல. "அந்தத் தாளை எடுத்துடுங்கம்மா. என் வயலு வளைஞ்சு தம்பி வீட்டு ரோடு வரைக்கும் வருது. பைப்பு என் வரப்போரமாவே சுத்திப் போகட்டும். நாலு பைப்பு கூடுதலாப் புடிக்கும், அவ்வளவுதான். படத்தை மாத்திக்கலாம்."

மதியத்துக்கு மேல பதிஞ்சு முடிஞ்சுது. மருதையன் வாசல்ல நின்னு செவ்வந்திக்குப் போன் போட்டான். "நடவுக்கு ஆள் சொல்லிடு. வெள்ளிக்கிழமை. ஆமா, நம்ம வயலுக்குத்தான்."

அவன் அந்தப் பக்கம் திரும்பி நின்ன நேரம் பாத்து, இனியவன் மூஸா பாய் கையைப் புடிச்சு ஓரமா கூட்டிக்கிட்டுப் போனான். நடிப்பெல்லாம் இல்ல, மூஞ்சியில நெசமாவே கவலை.

"என்ன பாய் இப்படி எழுதிக் கொடுத்துட்டீங்க? நாளைக்கே அவன் உங்களைக் கண்டதும் எந்திரிச்சு நிக்கலன்னா, எதைப் போயி அடைப்பீங்க?"