தோட்டாவுக்கு ஏற்ற எண்ணெய்

“அந்த உரக்குழிக்கு ஓலையப் போட்டா போதுமா? மண்ணத் தள்ளி மூடுங்க. யாராவது விழுந்திரப் போறாவ” என்று கணவரிடம் சொன்னாள் ஜெபகுமாரி.

“மொதல்ல அந்தப் பன்னியச் சுடுதேன். பொறவு மூடலாம்.”

சுந்தர்சிங்கின் மரச்சீனிக்கிழங்குத் தோட்டத்தை ஒரு காட்டுப்பன்றி உழுதுகொண்டிருந்தது. துப்பாக்கி இருந்தது, தோட்டாதான் இல்லை. முன்பு சுட்டதில் உப்பிப்போன பித்தளைக் கூடுகளை அச்சில் இறக்கி அளவுக்குக் கொண்டுவந்தால்தான் மறுபடி வெடிமருந்து நிரப்பலாம். வழுக்கி இறங்கட்டும் என்று கூட்டின்மேல் தேங்காயெண்ணெய் தடவினார், அச்சுக்குள் சிக்கிக்கொண்டது. விளக்கெண்ணெயை அள்ளிப் பூசினார், கூடு நெளிந்தது. மறுநாள் விடிந்ததும் வேறு எண்ணெய் தேடித் தக்கலைக்குப் பஸ் ஏறினார்.

சாயங்காலம் நாலு புட்டியோடு வந்து ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்.

“சவம், ஒண்ணுக்கும் கொள்ளாது!”

ஜெபகுமாரி ஒரு தேங்காய்ச் சிரட்டையை நீட்டினாள். “இதத் தடவிப் பாருங்க.”

உள்ளே வெள்ளை வெளேரென்று நெய்போல ஏதோ உறைந்திருந்தது. விரல்நுனியால் தொட்டு லேசாகப் பூசினார். கூடு அச்சுக்குள் வழுக்கிக்கொண்டு போய் வந்தது.

“கொள்ளாமேட்டி, நல்லா வழுக்குது! இனி அந்தப் பன்னி தொலைஞ்சுது! இத எங்க வாங்கின?”

“வாங்கல்ல, உருக்கினேன். நீங்க பஸ் ஏறின கையோட அந்தப் பன்னி நம்ம உரக்குழியில விழுந்துது. ஊரே கூடி வெட்டிப் பங்கு வச்சாச்சு. இது அதுக்க கொழுப்பு.”

அடுக்களையில் இறைச்சி வேகும் மணம் அப்போதுதான் அவர் மூக்கில் ஏறியது. கையிலிருந்த கூட்டைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்.

“சரிட்டி, நாளைக்கே குழிய மூடிருதேன்.”

“ஐயோ, மூடிராதிய! அதுக்க சோடி இன்னும் வரல்ல. நான் புது ஓலை வெட்டிப் போட்டாச்சு.”