பிரெஞ்சுச் சிப்பாயின் கோட்டு

ஒஸ்லோவின் ஓரத்துப் புல்வெளியொன்றில் வெடிமருந்துப் புகை கலையாமல் தாழ நிற்கிறது. நெப்போலியன் காலத்துச் சண்டைகளை நடித்துக்காட்டும் கழகத்தில் சயூரன் பிரெஞ்சு இலகு காலாட்படைச் சிப்பாய். இன்றைக்கு அவன் சாகவேண்டும். மல்லாந்து கிடக்கிறான். கருநீலக் கோட்டின் மேல் குறுக்குமறுக்காக இரண்டு வெள்ளைத் தோல்பட்டிகள், இடுப்போரம் தோட்டாப் பெட்டி. வேட்டைக்கொம்புத் தகடு பதித்த உயரமான தொப்பி உருண்டுபோய், அதன் பச்சை இறகு சேற்றில் ஒட்டிக்கிடக்கிறது. சனம் கைதட்டுகிறது. அவனுடைய தாய் தங்கேஸ்வரி மட்டும் தடுப்புக் கயிற்றுக்குக் கீழே குனிந்து உள்ளே வருகிறாள்.

"எழும்பு தம்பி."

"முரசு அடிக்கும்வரைக்கும் அசையக்கூடாது அம்மா," கண்ணைத் திறக்காமல் முணுமுணுக்கிறான். "இது சும்மா நடிப்புத்தானே. போங்கோ."

அவள் போகவில்லை. பக்கத்தில் முழந்தாளிட்டு, வெள்ளீயப் பொத்தான்களை மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றுகிறாள். முரட்டுக் கம்பளிக்குள் கையை விட்டு நெஞ்சையும் விலாவையும் வயிற்றையும் தடவுகிறாள். கையை வெளியே எடுத்து, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். வெறும் வியர்வைதான்.

"என்னம்மா செய்யிறீங்கள்?"

"என்ர அண்ணாவுக்கும் நான்தான் பொத்தான் கழட்டினனான்," என்கிறாள். "கிளிநொச்சிச் சண்டையில. காயம் எங்கையெண்டு தேடினனான். கண் திறந்தபடிதான் கிடந்தவர்."

வீட்டில் ஒருநாளும் யாரும் பேச்செடுக்காத அந்த மாமா. சயூரன் கண்ணைத் திறந்து, எழும்பி உட்காருகிறான். அவள் கோட்டை மறுபடி பூட்டத் தொடங்குகிறாள். பொத்தான்கள் துளை மாறி விழுகின்றன. அவன் நெஞ்சை நிமிர்த்திக் கொடுக்கிறான்.