இடது சக்கரம் ஏறிய மேடு

ஒரு குட்டி லாரிக்குப் பின்பக்கம் இரண்டு சக்கரங்கள். வலது சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டால் போதும், வெறி பிடித்தாற்போலச் சுழன்று சேற்றை வாரி இறைக்கும். எஞ்சினின் பலமெல்லாம் வழுக்குகிற பக்கமே ஓடிவிடுவதால், கெட்டித் தரையில் நிற்கும் இடது சக்கரம் அசையாது.

"நான் இப்படி உழைக்கிறேன், நீ சும்மா நிக்கிறியே!" என்று வலது ஏசும்போதெல்லாம் இடதுக்கு அழுகை முட்டும்.

ஓட்டுநர் சூசை பட்டறைக்குப் போய், இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே, வழுக்காத பக்கத்துக்கும் பலத்தைப் பிரித்துக் கொடுக்கும் புது வகை டிஃபரென்ஷியலைப் பொருத்தி வாங்கினார்.

மறுவாரம் கல்யாணச் சமையலுக்கான அண்டாக்களோடு போகையில் மழை பிடித்துக்கொண்டது. கல்யாண வீட்டில் அடுப்பு மூட்டிக் காத்திருந்தார்கள். மேட்டுப் பாதையில் வலது வழுக்கியது. வழக்கம்போலச் சுழலப் பார்த்தது.

"ஆடாதப்பா. பக்கத்துல இருக்கறவருக்கும் கொஞ்சம் விடு" என்றது டிஃபரென்ஷியல்.

இடதின் உடம்புக்குள் குபுகுபுவென்று பலம் பாய்ந்தது. தரையைக் கவ்விக்கொண்டு தம் பிடித்துத் தள்ளியது. வண்டி முக்கி முனகி மேடேற, அண்டாக்கள் மேளம் கொட்டின.

"இவ்வளவு பலத்தை எங்கய்யா ஒளிச்சு வெச்சிருந்த?" என்று வலது வாய் பிளந்தது.

"எனக்கே இன்னிக்குத்தான் தெரியும்" என்று சிரித்த இடது, அடுத்த சேறு எப்போது வரும் என்று ஆவலோடு உருண்டது.