பலாக்கட்டைப் பிடி

"என்னாங்க, ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்தவன் கையில கத்தியக் குடுப்பாங்களா? உங்களுக்குப் புத்தி இருக்கா?"

ஷைனி குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாள். பின்வாசல் படியில் கொழுந்தன் ஆனந்த்ராஜ் உட்கார்ந்திருந்தான்.

"அது எங்கப்பாவோட சவரக்கத்தி. ஷேவ் பண்ணிக்கக் கேக்குறான். அவன் வேலைய அவனே செஞ்சிக்கணும்னு டாக்டரே சொன்னாரே" என்றான் சைமன்ராஜ். அவன் மைன்ஸில் பெர்மனென்ட் ஃபிட்டர்.

"கத்தியக் குடுக்கச் சொன்னாரா? கடையில ரேசர் விக்கல?"

"வாயத் தொறந்து அவன் ஒண்ணு கேட்டு ஆறு மாசமாச்சு, ஷைனி. எப்படி இல்லன்னு சொல்றது?"

அவளும் அந்த ஆறு மாசத்தைத்தான் நினைத்துக்கொண்டாள். கான்ட்ராக்ட் வேலை போன அன்று, இதே குவார்ட்டர்ஸில் முகம் பார்க்கும் கண்ணாடியை உடைத்து, ஒரு சில்லைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவன் ஆனந்த்ராஜ். மனநல ஆஸ்பத்திரியிலிருந்து அவன் திரும்பி வந்ததிலிருந்து அரிவாள்மணையைக்கூட அரிசி டின்னுக்குப் பின்னால்தான் வைக்கிறாள்.

மடக்குக் கத்தியின் பழைய பிடி வெடித்துப் போயிருந்தது. 'தானே' புயலில் விழுந்த பலாமரத்தின் துண்டு ஒன்று வீட்டில் கிடந்தது. அதிலிருந்து சன்னமாக இரண்டு பட்டை அறுத்தான் சைமன்ராஜ். ஆனந்த்ராஜ் இரண்டையும் சேர்த்து அழுத்திப் பிடிக்க, ஒன்றாகவே துளை போட்டான். கூரில் டேப் சுற்றிய கத்தியை நடுவில் வைத்து, பித்தளைக் கம்பியைக் கோத்து, அதன் தலையைச் சுத்தியலால் தட்டி விரித்தான்.

"மெதுவாண்ணே. ஓங்கித் தட்டுனா பிடி விண்டுடும். கத்தியும் மடங்காது."

தம்பி இத்தனை வார்த்தை பேசியதில் சைமன்ராஜுக்கு வாயெல்லாம் பல். ஷைனிக்குச் சிரிப்பு வரவில்லை.

சனிக்கிழமை சைமன்ராஜ் செகண்ட் ஷிப்டுக்குப் போயிருந்தான். ஆனந்த்ராஜ் பிடியை உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கி, எண்ணெய் தடவினான். டேப்பைப் பிரித்துக் கத்தியைத் தீட்டினான். பிறகு முன்கையில் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தான். சத்தமே இல்லாமல் முடி உதிர்ந்தது.

ஷைனி அதைப் பார்த்துவிட்டாள்.

அவன் குளிக்கப் போனதும் கத்தியை முந்தானையில் மறைத்துக்கொண்டு துணி துவைக்கிற கல்லுக்கு ஓடினாள். 'மாதாவே, மாதாவே' என்று முணுமுணுத்தபடி கூர்ப்பக்கத்தை அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். விரலை வைத்துப் பார்த்தாள். சுத்தமாக மழுங்கியிருந்தது. மடக்கி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் ஆனந்த்ராஜ் சோப்பு, பிரஷ், கத்தியோடு பாத்ரூமுக்குள் போனான். தாழ்ப்பாள் விழுந்தது.

கொஞ்ச நேரம் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அப்புறம் அதுவும் நின்றது.

கூர் இல்லையென்று தெரிந்து கோபம் வந்தால்? ஷைனிக்குத் திடுக்கென்றது. உள்ளே கண்ணாடி மாட்டியிருக்கிறதே!

"ஆனந்து! ஆனந்து!"

கதவைத் தட்டிவிட்டுப் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"என்னாங்க, கதவ உடைங்க!"

"கத்தாத. தம்பிக்குக் கஷ்டமா இருக்கும்" என்றான் சைமன்ராஜ். ஆனால் அவன் கையும் கதவில்தான் இருந்தது.

தாழ்ப்பாள் திறந்தது. ஆனந்த்ராஜ் முகத்தில் பூசிய நுரை பூசியபடி இருந்தது. எங்கும் ரத்தம் இல்லை.

"என்னடா?"

"கூர் போயிடுச்சுண்ணே."

"நேத்து தீட்டி வச்சேன்னு சொன்னியே?" சைமன்ராஜ் கத்தியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பினான். "நீளத்துக்கும் கீறல் இருக்குது. கல்லுல போட்டுத் தேய்ச்சிருக்குதே! யாரு இந்த வேலைய…"

ஆனந்த்ராஜ் நிமிர்ந்து ஷைனியைப் பார்த்தான். அவள் பின்னால் நகர்ந்து சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"நான்தாண்ணே" என்றான் ஆனந்த்ராஜ். "கறையா இருந்துச்சு. துவைக்கிற கல்லுல தேய்ச்சிட்டேன். என்ன நெனப்புல செஞ்சேன்னு தெரியல."

சைமன்ராஜின் முகம் சுண்டிப்போயிற்று.

"சரி, விடுடா. கொஞ்ச நாள் போவட்டும். டாக்டர்கிட்ட மாத்திரையக் கொறைக்கச் சொல்லிக் கேக்கலாம்னு இருந்தேன். இப்ப வேணாம்."

கத்தியைப் பீரோவில் வைத்துப் பூட்டினான்.

ஷைனி அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டாள்.

ஆனந்த்ராஜ் தண்ணீர் குடிக்க வந்தான். கன்னத்தில் நுரை காய்ந்து போயிருந்தது. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அண்ணனுக்குக் கேட்காத குரலில் சொன்னான்:

"தீட்டுறது ஒண்ணும் பெரிய வேல இல்ல, அண்ணி. உங்களுக்கு பயம் போனப்புறம் சொல்லுங்க."